கூட்டு அனுபவம்

வில்லங்கச் சான்றில் அது மூன்றாவது பதிவு. விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், 1988. எழுதிக் கொடுத்தவர் என்ற கட்டத்தில் அத்தையின் பெயர். எழுதி வாங்கியவர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர். அப்பா போய் ஒரு வருடம் கழித்துப் பட்டா மாற்றத்துக்காக எடுத்த சான்று. நான் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். இந்த மாதிரிக் காகிதங்களை ஒரு நாளைக்கு நாலைந்தாவது பார்க்கிறவள். பிறர் குடும்பங்களில் யார் யாருக்கு எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே கடந்துவிடுவேன். இந்த வரிக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

அப்பா கும்பகோணத்தில் 1975 முதல் 44 வருடம் சிவில் வக்கீலாக இருந்தவர். அவர் இறந்த மறுவாரம் நீதிமன்றத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு எங்களையும் அழைத்து முன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நீதிபதி மேடையில் எழுந்து நிற்க, கறுப்பு அங்கிகளெல்லாம் எழுந்து நின்று இரண்டு நிமிட மௌனம். பேசியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். பிறந்த வீட்டில் பங்கு கேட்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் முதலில் ஞாபகம் வருகிற பெயர் அப்பாவுடையது என்றார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "இந்த வட்டாரத்தில் எத்தனை அண்ணன் தம்பிகள் அவரைத் திட்டிக்கொண்டே தூங்கப் போயிருப்பார்கள்!" என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார். தம்பி என் கையை அழுத்தினான். அழுகையும் பெருமையும் சேர்ந்தே வந்தன. அந்தப் பெருமை ஒரு வருடம்தான் நிம்மதியாக இருந்தது.

முன்னறை

எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் அலுவலகம். மூன்று சுவரிலும் மர அலமாரி, அதில் நாடா கட்டிய கட்டுகள், ஒவ்வொரு கட்டின் முதுகிலும் வழக்கு எண். மூலையில் தமிழ்த் தட்டச்சு இயந்திரம். அதற்குப் பின்னால் குமாஸ்தா மாமா. கோந்து, அந்துருண்டை, வெற்றிலை மூன்றும் கலந்த ஒரு வாசனை அந்த அறைக்கு உண்டு. இன்றைக்கும் ஏதாவது சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கிறது. மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் எங்களுக்கு அங்கேதான் சிற்றுண்டி. கட்சிக்காரர்கள் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள். நாங்கள் அலமாரிக்கு அடியில் உட்கார்ந்து அவல் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

எங்கள் சண்டையையும் அவர் அதே மேஜையில்தான் விசாரித்தார். தம்பி என் பேனாவை உடைத்தால் நான் முதலில் பிராது சொல்ல வேண்டும், பிறகு அவன் பதில் சொல்ல வேண்டும், இடையில் யாரும் பேசக் கூடாது. பல வழக்குகள் "ஞாயிற்றுக்கிழமைக்கு வாய்தா" என்று ஒத்திவைக்கப்பட்டு, ஞாயிறு வருவதற்குள் நாங்களே மறந்து ராஜியாகிவிடுவோம். வாய்தா, பிராது, வக்காலத்து, ஜப்தி, அமீனா எல்லாம் எந்த ஊர்ச் சொல் என்று தெரியாமலே எங்கள் தாய்மொழியாக இருந்தன. எனக்கு அம்மை போட்டிருந்த பதினைந்து நாளும் அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. என் காலடியில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டே கட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கம் வராத இரவுகளில் அந்தக் கட்டுகளையே கதையாகச் சொல்வார். ஒரு வாய்க்கால் வரப்புக்காக மூன்று தலைமுறை வழக்காடிய கதை எனக்கு இன்னும் முழுதாக நினைவிருக்கிறது. நல்லதங்காள் கதை அரைகுறைதான்.

பத்து வயதில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தட்டச்சு ஆன நகலை நான் உரக்கப் படிக்க வேண்டும், அவர் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிடுவார். பக்கத்துக்குப் பத்து பைசா. அப்படித்தான் அவருடைய நடை எனக்குள் ஊறியது. எல்லாரும் "மனப்பூர்வமாக" என்று எழுதும் இடத்தில் அவர் "முழு மனதுடன்" என்று எழுதுவார். "மனப்பூர்வமாக என்பது பத்திரம் எழுதுகிறவர்கள் கை பழகிப் போடுவது, அதில் மனதும் கிடையாது, பூர்வமும் கிடையாது" என்பார். இது பின்னால் வேண்டியிருக்கும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் அந்த ஒப்பிடும் வேலையில் கிடைத்தது: கூட்டு அனுபவம், அதாவது சொத்தைப் பங்காளிகள் சேர்ந்தே அனுபவித்து வருவது. பாகப்பிரிவினைப் பிராது எதை எடுத்தாலும், "தாவா சொத்துக்கள் வாதியின் கூட்டு அனுபவத்தில் இருந்து வருகின்றன" என்று ஒரு பாரா தவறாமல் இருக்கும். வாதி இருபது வருடத்துக்கு முன் கல்யாணமாகி எங்கோ போனவளாக இருப்பாள்; அந்த நிலத்தின் வரப்பைக்கூட மிதித்திருக்க மாட்டாள். இது பொய்யில்லையா என்று கேட்டேன். 1955-ஆம் வருடத்து நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37-ஆவது பிரிவைப் பத்து வயதுப் பெண்ணுக்குப் புரியும்படி விளக்கினார். கூட்டு அனுபவத்தில் இருக்கிறாள் என்றால் நிலையான சிறு கட்டணம் போதும். அனுபவத்திலிருந்து விலக்கிவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டால், கேட்கும் பங்கின் மதிப்புக்கு ஏற்றபடி கட்டணம் ஏறிவிடும். பங்கு கேட்டு வருகிற பெண்ணிடம் பஸ் டிக்கெட்டுக்கே காசு இருக்காது. "அதற்காகப் பொய் சொல்லலாமா?" என்று நான் விடவில்லை. "பொங்கலுக்கு அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து நெல் வருகிறதா இல்லையா? அதுதான் கூட்டு அனுபவம்" என்றார். குமாஸ்தா மாமா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார்.

கல்யாணப் பத்திரிகைகள்

1989-க்குப் பிறகு முன்னறையில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பங்கு கேட்டு யார் வந்தாலும் அப்பாவின் முதல் கேள்வி, "கல்யாணம் என்றைக்கு நடந்தது?" மூலப்பத்திரம், கிஸ்து ரசீது, பட்டா எல்லாம் அப்புறம்தான். முதலில் கல்யாணப் பத்திரிகை. தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கியது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான மகளுக்கு அது பொருந்தாது. சட்டமன்றத்தில் பெரிய அமளி நடந்த அதே பட்ஜெட் நாள். அன்றைய செய்தியில் ஊரெல்லாம் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்க, அப்பா ஒருத்தர்தான் அந்தத் தேதியை வேறு காரணத்துக்காக நினைவு வைத்திருந்தார் என்று அம்மா சொல்வாள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று 1990-ஆம் ஆண்டின் 1-ஆம் சட்டமாக வந்தபோது, முன்தேதியிட்டு அந்த நாளிலிருந்தே செல்லும் என்று ஆனது. செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது 1929-ல். தீர்மானம் சட்டமாக 60 வருடம் பிடித்தது. சட்டமாகும்போதும் ஒரு தேதியைக் கோடாகக் கிழித்துவிட்டுத்தான் வந்தது.

அந்தக் கோட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா தங்கை இரண்டு பேர் வந்திருந்தார்கள். அக்காவுக்கு 1989 தை மாதம் கல்யாணம், தங்கைக்கு அதே வருடம் வைகாசி. இரண்டு பத்திரிகைகளும் ஓரத்தில் மஞ்சள் தடவி ஒரே அச்சகத்தில் அடித்தவை. ஒரே பிள்ளையார், ஒரே எழுத்து. அப்பா இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையின் பத்திரிகையை மட்டும் எடுத்து, ஆவணம் ஏ-3 என்று பென்சிலால் குறித்துக் கட்டில் வைத்தார். அக்காவின் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார். தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே அந்த அக்கா எல்லாத் தேதிக்கும் கூடவே வந்தாள்.

விடுதலைப் பத்திரம் என்று யாராவது வந்தால் அப்பாவுக்கு ஒரு நடைமுறை உண்டு. அண்ணன் தம்பிகளைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இதில் உனக்கு எவ்வளவு பங்கு உண்டு தெரியுமா அம்மா?" என்று கேட்பார். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவார். "இன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து நாளைக்கு வா. நாளைக்கும் போடத்தான் வேண்டும் என்று தோன்றினால் போடு." பல பேர் மறுநாள் வருவதில்லை. அண்ணன்மார்கள் வேறு வக்கீலிடம் போய்விடுவார்கள். இப்படி அவர் இழந்த கட்டணத்தை அம்மா ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்தாள்; பிறகு அலுத்து விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்டவர் தன் சொந்த அக்காவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறார்.

கால் பங்கு

பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டேன். வந்தது. இரண்டு பக்கம். எழுதியவர் என்ற இடத்தில் யாரோ ஒரு பத்திர எழுத்தரின் பெயர் இருந்தது. முதல் பக்கத்தின் நடுவிலேயே "யாதொரு நிர்ப்பந்தமும் இன்றி முழு மனதுடன்" என்று இருந்தது. கை யாருடையதாகவும் இருக்கட்டும், வாசகம் அப்பாவுடையது. எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வருடம் தள்ளி எழுதியிருந்தால் பக்கத்துக்குப் பத்து பைசா வாங்கிக்கொண்டு நானே இதைப் படித்திருப்பேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது. விடுதலைப் பத்திரங்களில் வழக்கமாக, "மேற்படி சொத்தில் எனக்கு ஏதேனும் பாத்தியதை இருக்குமேயானால்" என்று மழுப்பலாக எழுதுவார்கள். என்ன பங்கு என்று சொன்னால் எழுதிக் கொடுக்கிறவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள் அல்லவா? இதில் அப்படி இல்லை. "எனக்குள்ள கால் பங்கு பாத்தியதையை" என்று பட்டவர்த்தனமாக இருந்தது. கணக்கும் சரிதான். பாட்டி முன்பே போய்விட்டாள். தாத்தா இறந்தது 1987-ல். பூர்வீக நிலம் 12 மா. அன்றைய சட்டப்படி தாத்தா சாவதற்குச் சற்று முன் பாகம் பிரிந்ததாகப் பாவித்துப் பாதியை மகனுக்கு வைத்துவிட்டு, தாத்தாவின் பாதியை இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். அப்பாவுக்கு முக்கால், அத்தைக்குக் கால். கால் என்றால் 3 மா, அதாவது ஒரு ஏக்கர். இதற்கு ஈடாக 1974-ல் போட்ட நகையும் சீர்வரிசையும், ரொக்கமாக 5,000 ரூபாயும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல அப்பா எனக்கு இடமே வைக்கவில்லை.

கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை. செத்துப்போனவரோடு பேசாமல் இருப்பது எப்படி என்று கேட்காதீர்கள், முடிகிறது. காலையில் படத்துக்குப் பூ வைக்கும்போது முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு வந்துவிடலாம். 2012-ல் அவர் 12 மாவையும் எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக எழுதி வைத்தபோது நான் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தேன். கேட்காமலே மகளுக்குப் பாதி கொடுத்த அப்பா! அந்தப் பாதிக்குள் அத்தையின் ஒன்றரை மா இருக்கிறது. 1998-ல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய பணம் அந்த வருடத்துச் சம்பா நெல்; அதிலும் அவளுடைய கால் பங்கு இருக்கிறது.

பெண்களுக்காக வாதாடியதெல்லாம் பிராயச்சித்தம்தான் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். என் கணவர் அதைத்தான் சொன்னார். எனக்கும் இரண்டு நாள் அது ஆறுதலாக இருந்தது. ஆனால் குமாஸ்தா மாமாவைப் பார்த்து விசாரித்தபோது, "1988-க்குப் பிறகும் ஏழெட்டு விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறார் அம்மா. தூங்கி எழுந்து மறுநாளும் வந்து போடுகிறேன் என்ற பெண்களுக்கு எழுதத்தானே வேண்டும்" என்றார். பிராயச்சித்தம் செய்கிறவன் அப்படி எழுதுவானா? தவிர, உடன்பிறந்தவளிடம் பட்ட கடனை ஊரான் வீட்டு அக்காக்களிடம் அடைப்பது என்ன நியாயம்?

பிறகுதான் டைரிகள் கிடைத்தன. வழக்கு டைரிகளின் கடைசிப் பக்கங்களில் அவர் வீட்டுக் கணக்கு எழுதுவார். 1989 முதல் 2022 வரை தை மாதத்துப் பதிவுகளைப் பார்த்தேன். அத்தைக்குப் பொங்கலுக்கு அனுப்பியவை இரண்டு இடத்தில் இருந்தன. "சீர்" என்ற தலைப்பின் கீழ் கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை. அதைத் தள்ளி, உரம், ஆள் கூலி, தீர்வை எழுதும் பக்கத்தில், "மாயவரம் அக்கா, குத்தகை, நெல் 3 மூ." எல்லா வருடமும் அதே வாசகம். 34 வருடம். 2003 தையில் கீழே ஒரு குறிப்பு: "கடையில் வாங்கி." காவிரியில் தண்ணீர் வராமல் டெல்டாவே காய்ந்து கிடந்த வருடம் அது. விளைந்ததில் பங்கு கொடுப்பதற்குப் பெயர் வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கொடுப்பதுதான் குத்தகை.

அன்றிரவு நான் படத்தைப் பார்த்துப் பேசினேன். குத்தகை கொடுக்கிறவன், நிலம் கொடுத்தவரின் உரிமையை மறுத்துப் பேச முடியாது. சாட்சியச் சட்டம் 116-ஆவது பிரிவு. (1872-ஆம் வருடத்துச் சட்டம். அதையும் தூக்கிவிட்டு 2024 ஜூலை முதல் வேறு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அப்பாவுக்குப் பழைய எண்தான் தெரியும்.) ஆக, பதிவான பத்திரத்தில் நிலம் அப்பாவுடையது, பதிவாகாத டைரியில் அது அக்காவுடையது, அவர் வெறும் குத்தகைதாரர். தனக்கு எதிரான சாட்சியைத் தானே வருடா வருடம் எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது, எனக்கு என் அப்பா முழுதாகத் திரும்பக் கிடைத்துவிட்டார். டைரிகளில் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினேன். அத்தைக்கு அதை ஒரு பரிசாகக் கொண்டுபோகிற நினைப்பு.

மாயவரம்

மாசி மாதம். ஆடுதுறை தாண்டினால் இரண்டு பக்கமும் அறுத்த தாள்கள். குத்தாலம் வரை பச்சைப்பயறு தலைகாட்டிக்கொண்டிருந்தது. அத்தை பின்கட்டில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது 77. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிறாள், மனிதர்களையும். நானும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்ததும், "1988-ல் ஒரு பத்திரம் போட்டீர்களே அத்தை" என்று நேராக வந்துவிட்டது.

"ஆமாம். பாபநாசத்தில்," என்றாள். "படித்துக் காட்டினான். இரண்டு தடவை. அதற்கு முந்தின நாள் வீட்டிலேயே சொல்லிவிட்டான், உனக்குக் கால் பங்கு உண்டு அக்கா என்று. தாளில் கணக்குப் போட்டும் காட்டினான்."

"பிறகு ஏன் போட்டீர்கள்?"

"உங்கள் மாமா அப்போது மண்டி வைத்து நொடித்திருந்த நேரம். என் பெயரில் ஒரு குழி இருந்தாலும் மறுநாள் அடமானத்துக்குப் போயிருக்கும். அவனிடம் இருந்தால் நிலம் நிலமாகவே இருக்கும்." நாலைந்து மொச்சை உரித்த பிறகு, "கேட்டிருந்தால் கொடுத்திருப்பான் அம்மாடி. அது எனக்குத் தெரியும். கொடுத்த பிறகு நான் போனால், வாசலுக்கு வந்து என் பையை வாங்குவானா என்பதுதான் தெரியவில்லை" என்றாள்.

அவளுக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நிலத்தில் இல்லை. அன்றைக்கு அந்த ஆபீசில் விரலில் மை தடவி, ரேகை உருட்டி, கையெழுத்துப் போடும் இடம் வந்ததா? பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வா அக்கா, போ அக்கா என்று பேசுகிறவன். அந்த அதிகாரி முன்னால், 'இங்கே போடுங்கள்' என்றான். 'இந்தப் பக்கத்திலும் போடுங்கள்.' யாரோ கட்சிக்காரியிடம் பேசுகிற மாதிரி. அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. மை துடைக்கக் கைக்குட்டை நீட்டினான். வாங்கவில்லை. புடவையிலேயே துடைத்துக்கொண்டேன். அந்தக் கறை போகவே இல்லை."

2020-ல் நடந்ததையும் அவள்தான் சொன்னாள். ஆகஸ்ட் 11, கொரோனாவில் ஊரே அடைத்துக் கிடந்தபோது உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 2005-ஆம் வருடத்து மத்தியத் திருத்தம் வந்த நாளில் அப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, மகள் பிறப்பாலேயே பங்காளி என்று. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவுப் பத்திரம் போட்டு முடித்துக்கொண்டவற்றைக் கிளற முடியாது. அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு மாடிக்குப் போய் யாருக்கோ வெகுநேரம் போன் பேசினார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பழைய சகாக்கள் யாராவது இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

"எனக்குத்தான் போட்டான்," என்றாள் அத்தை. "'சட்டம் மாறிவிட்டது அக்கா. அன்றைக்கு நீ கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் இன்றைக்குக் கால் இல்லை, பாதி' என்றான். அப்புறம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. 'சாப்பிட்டாயா?' என்று கேட்டேன். 'இன்னும் இல்லை' என்றான். 'போய்ச் சாப்பிடு' என்றேன். வேறு என்ன சொல்வது? கொரோனா நேரம், சர்க்கரை வேறு அவனுக்கு."

இதுதான் சமயம் என்று நான் டைரியை எடுத்தேன். தைப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். மாயவரம் அக்கா, குத்தகை, நெல் 3 மூ. 2003-ல் கடையில் வாங்கி அனுப்பியதையும் படித்தேன். 34 வருடமும் அதைச் சீர்க் கணக்கில் சேர்க்காமல் குத்தகைக் கணக்கில் எழுதியதன் அர்த்தத்தை, 116-ஆவது பிரிவு உட்பட, விளக்கினேன். எனக்கே தொண்டை அடைத்தது.

அத்தை டைரியை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முறத்தில் மொச்சை குலுங்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"குத்தகையா? ஒரு ஏக்கர் நஞ்சைக்கா? மூன்று மூட்டையா?"

வங்கியில் இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிறவளுக்கு அது தோன்றவே இல்லை. "குத்தகை" என்ற சொல்லைப் பார்த்த வேகத்தில் பக்கத்தில் இருந்த எண்ணை நான் பார்க்கவில்லை. நாங்கள் இப்போது அந்த நிலத்தை விட்டிருக்கிற குத்தகை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் நானே வாங்கிக் கணக்கில் வைக்கிறேன். அப்பா எழுதிய சொல் உண்மை, கொடுத்த அளவு பாதிகூட இல்லை. அத்தை இதை 34 தைப் பொங்கலுக்கும் மூட்டைகளை எண்ணி இறக்கும்போது அறிந்தே இருந்திருக்கிறாள். பிறந்த ஊர்க் குத்தகை நிலவரம் தெரியாத பெண் டெல்டாவில் உண்டா?

"சரி, குத்தகை என்றே வைத்துக்கொள்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவன் போன பிறகு இரண்டு பொங்கல் போய்விட்டது. பாக்கி நிற்கிறதே?"

எனக்கு உடம்பு கூசிவிட்டது. முதல் வருடம் துக்கம் என்று எதையும் அனுப்பவில்லை. அடுத்த வருடம் நான் தம்பி அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். பெங்களூரில் இருக்கிற தம்பி நான் அனுப்பியிருப்பேன் என்று நினைத்தான். 3 மாவையும் அவள் பெயருக்கே திருப்பி எழுதிவிடுகிறேன் என்றேன். அதற்குத் தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும், அவனிடம் நான் இன்னும் பேசவேயில்லை என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. அவள் கையை உதறினாள். "எனக்கு எதற்கு? இரண்டு மருமகள்களுக்கும் நாளைக்குச் சண்டை மூட்டுவதற்கா? நிலம் உங்களிடமே இருக்கட்டும். நெல்லை ஒழுங்காக அனுப்புங்கள்."

"எத்தனை மூட்டை அத்தை?"

"எட்டு," என்றாள். யோசிக்கவே இல்லை. "பாக்கி பழைய கணக்கில் மூன்றும் மூன்றும் ஆறு. அது அவன் கணக்கு, அதை நான் மாற்ற மாட்டேன். இனிமேல் உங்கள் கணக்கு. எட்டு. வெள்ளைப் பொன்னியாக இருக்கட்டும். குண்டு நெல்லை அவித்தால் என் பேரன்கள் சாப்பிட மாட்டார்கள்."

தம்பியிடம் போனில் சொன்னபோது முதலில், "எட்டா?" என்றான். பத்திர நகலை அனுப்பிப் படிக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "முழு மனதுடன் என்று இருக்கிறதே அக்கா" என்று மட்டும் செய்தி வந்தது. அதற்கு மேல் இந்த விஷயத்தை நாங்கள் பேசவில்லை. 3 மாவை என்ன செய்வது என்பதில் எனக்கும் அவனுக்கும் ஒரே அபிப்பிராயம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

2025 தை பிறப்பதற்கு முந்தின நாள் அவனும் வந்திருந்தான். குட்டி யானையில் மூட்டைகளை ஏற்றி, மேலே இரண்டு கட்டுக் கரும்பும் மஞ்சள் கொத்தும் போட்டு, நாங்கள் பின்னால் காரில் போனோம். அத்தை வாசல் படியில் நின்றாள். தம்பியிடம் வா என்று சொல்லிவிட்டு, இறக்கிப் போட்ட மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிக்கொண்டே போனாள். திண்ணைக்கோடி வரை போய்த் திரும்பி இன்னொரு தடவை தட்டினாள்.

"பதின்மூன்றுதான் இருக்கிறது."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். பதினான்காவது மூட்டை, பின்னால் இடம் போதாமல், அவன் பக்கத்து சீட்டில் இருந்தது.